கலீஜுக்கு இங்கிலீஷில் என்ன?

1

போன வாரம், நான் வேலை பார்க்கும் கல்லூரியின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் மீதான புகாரில் குறிப்பிடப்பட்டுள்ள சொல்லுக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதி, கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவரவும்." கீழே அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே ஒட்டியிருந்தார்கள். கலீஜ்.

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து என் பெயரை எந்த ஆபீசிலும் ஒழுங்காக எழுதியதில்லை. அருள்தாஸ் என்பதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை ஒரு கட்டத்திலும் மறு பாதியை இன்னொரு கட்டத்திலும் போட்டுவிடுவார்கள். வங்கியில் நான் தாஸ், ஆஸ்பத்திரியில் அருள். கலீஜை மட்டும் எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தார்கள். ராயபுரத்துச் சந்து ஒன்றில் புழங்கிய வார்த்தைக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இஞ்சினியரிங் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அறமும் சமூகப் பொறுப்பும் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டாயப் பாடம். கட்டாயம் என்பதால்தான் வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவது போல, வேலைக்குப் போவதற்கு முன்னால் அறம் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே ஏற்பாடு. என் ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுவது. புதுப்பிக்கிற மாதம் வந்தால் துறைத் தலைவரைப் பார்த்து நானும் பல்லைக் காட்டுவேன்.

ஊரில் நான் படித்த காலேஜிலும் இப்படி ஒரு வகுப்பு இருந்தது. அட்டவணையில் இருக்கும். அந்த நேரம் வந்தால் கணக்கு வாத்தியார் உள்ளே வந்து, "பாடம் முடியல, நான் எடுத்துக்கறேன்" என்பார். நாங்களும் நிம்மதியாகக் கணக்குப் போடுவோம். இங்கே அந்த வகுப்பை உண்மையாகவே நடத்துகிறார்கள் என்று வந்த புதிதில் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் கணக்கு வாத்தியாரே தேவலாம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

இந்த முறை பிள்ளைகளுக்கு நானே ஒரு கேஸ் தயார் செய்தேன். கம்பெனி பெயர் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. கடலும் ஆறும் சேருகிற ஒரு கழிமுகம். அதன் ஓரமாக ஓர் ஆலையின் கழிவுக் குழம்பைக் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாய். குழாய் அங்கங்கே ஒழுகுகிறது. கூடவே, கம்பெனி கொடுத்த மாதிரி ஓர் அறிக்கையும் நானே எழுதி வைத்தேன். அதில் ஒரு வரி: "குழாயை ஒட்டி நிரந்தரக் குடியிருப்பு எதுவும் இல்லை." அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு போட்டோ. போன வருஷம் ஊருக்குப் போனபோது, அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு எண்ணூர்ப் பக்கம் நானே எடுத்தது. குழாய் மேல் வரிசையாக நைட்டி, பள்ளிக்கூடப் பாவாடை, பாய், ஒரு தலையணை உறை. உள்ளே ஓடுகிற குழம்பினால் குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். துணி சீக்கிரம் காயும். அதனால் அங்கே இருக்கிறவர்கள் அதன் மேல்தான் காயப்போடுவார்கள்.

இவ்வளவுதான் பரீட்சை. இந்தப் பக்கம் ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறது, அந்தப் பக்கம் பாவாடை காய்கிறது. ஒருத்தராவது "இது யாருடைய துணி?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன்.

3

ஒருத்தரும் கேட்கவில்லை.

பதில்கள் எல்லாம் ஒரே அச்சு. "சம்பந்தப்பட்ட அனைத்துத் தரப்பினருடனும் அர்த்தமுள்ள உரையாடல் நடத்தப்பட வேண்டும்." இந்த வரி கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இருந்தது. ஏ.ஐ. மிஷின் எழுதிக் கொடுத்தது, இவர்கள் பேரைப் போட்டுக்கொண்டார்கள். அறத்தைப் பற்றி எழுத மிஷினைக் கூப்பிடுகிறவனிடம் நாளைக்குப் பாலம் கட்டக் கொடுக்கப் போகிறோம்.

இங்கே தாள் திருத்துவதெல்லாம் கம்ப்யூட்டரில். பிள்ளையின் பெயர் தெரியாது, ஓர் எண் மட்டும் தெரியும். பக்கத்தில் கருத்து எழுத ஒரு பெட்டி. நான் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திருத்துவேன். ரொம்ப வெறுத்துப்போன தாள்களில், எனக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியில் தமிழில் 'கலீஜ்' என்று போட்டு வைத்தேன். திருத்தி முடித்த பிறகு அதையெல்லாம் அழித்துவிட்டு, "உங்கள் வாதத்தை இன்னும் வலுப்படுத்தலாம்" என்று நாகரிகமாக ஏதாவது எழுதலாம் என்பது எண்ணம்.

அப்போது வந்தது அந்தத் தாள். "புகைப்படத்தில் குழாயின் மீது கைவிடப்பட்ட துணிக் கழிவுகள் காணப்படுகின்றன. இவை பராமரிப்புப் பணிக்கு இடையூறாக இருப்பதால் உடனடியாக அகற்றப்பட வேண்டும்."

துணிக் கழிவு. ஒரு பெண்பிள்ளை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற பாவாடை.

அதிலும் 'கலீஜ்' என்று போட்டேன். லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்றேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் அப்படியே அனுப்பிவிட்டேன். அழிக்க மறந்துவிட்டது. கலீஜ் வாங்கிய மற்றப் பிள்ளைகள் அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "சார், கருத்துப் பெட்டியில் பூ டிசைன் மாதிரி ஏதோ வருகிறது" என்று எழுதிக் கேட்டிருந்தாள்.

ஒருவனுக்கு மட்டும் படிக்கத் தெரிந்திருந்தது. துணிக் கழிவு என்று எழுதினவன்தான். அவன் புகார் கொடுத்தான். "இது சென்னையில் முரட்டுப் பகுதிகளில் படிக்காதவர்கள் பயன்படுத்தும் இழிசொல். பிறந்த இடத்தை வைத்து ஒருவரைக் கேவலப்படுத்தப் பயன்படுவது."

படிக்காதவர்கள். முரட்டுப் பகுதி. எவனோ அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்துப் பையன் என்று முடிவு கட்டினேன். வடசென்னை என்றால் கார் ஜன்னலை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வீட்டுப் பிள்ளை.

4

அந்த வார்த்தையின் அர்த்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மா.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் சந்து. நைனாவுக்கு, எங்கப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஹார்பரில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அம்மா அதை ஒருநாளும் கலீஜ் என்று சொன்னதில்லை. அது அழுக்கு. "உழைச்ச அழுக்கு, துவைச்சா பூடும்" என்று சட்டையை வாங்கி ஊறப்போடுவாள்.

கலீஜ் வேறு. எதிர் வீட்டில் ஒருத்தர் மீன் கழுவின தண்ணியைக் குடலோடு எங்கள் வாசலில் ஊற்றுவார். ஒருநாள் அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். கத்தவில்லை.

"இன்னாய்யா, கலீஜ் பண்ணி வெச்சிகீற. வந்து அள்ளு."

"அப்பால அள்றேம்மா. கொஞ்சம் டைம் குடு."

"நீ அள்ற வரிக்கும் நான் இங்கதான் நின்னுகினு இருப்பேன்."

நின்றாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது, நைனா வந்து கூப்பிட்டார், சந்தே வேடிக்கை பார்த்தது. அவர் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து அள்ளின பிறகுதான் நகர்ந்தாள்.

அழுக்குக்கு ஆள் கிடையாது. கலீஜுக்கு ஆள் உண்டு. யார் பண்ணினானோ அவன்தான் வந்து அள்ள வேண்டும். நான் பாடம் நடத்துகிற தடிமனான புத்தகத்தில் பொறுப்பு என்ற தலைப்பில் இதைத்தான் ஓர் அத்தியாயம் முழுக்க இழுத்திருக்கிறார்கள், ஆனால் வாசலில் போய் நிற்கச் சொல்லவில்லை.

5

திருவொற்றியூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். விம்கோ நகரில் சின்னதாக ஒரு மாடி வீடு.

"அண்ணா, கலீஜுக்கு இங்கிலீஷ்ல அர்த்தம் எழுதித் தரச் சொல்றாங்க."

"அர்த்தமா? வீடியோ கால் போடு, காட்றேன்."

போட்டேன். மொட்டை மாடிக்குப் போனான். காலையில்தான் அண்ணி கழுவிவிட்டாளாம். கட்டை விரலால் தரையில் ஒரு கோடு இழுத்து விரலைக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். மை தொட்டது போலக் கறுப்பாகக் கரித்தூசி.

"இத்த அனுப்பு உங்க காலேஜுக்கு. மூச்சு வுட்டா இது. மிளகா காயப்போட முடியல. யார்னா கேட்டா, 'எங்குளுது இல்ல, பக்கத்து கம்பெனிது'ன்றான். அவன்கைல போய் கேட்டா, இவனுதுன்றான். பேஜாரா கீது. நீ அங்க குந்திகினு அர்த்தம் எழுது."

பின்னால் என் பெண் ஆனி ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "ச்சீ, கலீச்!" என்றாள். மிச்சமான சாம்பாரைப் பார்த்து. அவளுக்குத் தெரிந்த தமிழில் இது முக்கியமான வார்த்தை. துவைக்காத சாக்ஸ், பழைய சாம்பார், குளியலறை முடி. அவ்வளவில் அந்த வார்த்தை முடிந்துபோகிறது. பெரியப்பாவின் விரலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, சாரி சொல்லிக் கையெழுத்துப் போட்டுடுங்க. ஒரு வார்த்தைக்காக யாராவது வேலையை விடுவாங்களா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வருகிற வருஷம் அவள் கல்லூரிக்குப் போகிறாள்.

6

கூட்டத்தில் மேஜையை எடுத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சமமாக உட்காருகிறோமாம். நடுவில் ஒரு முக்காலியில் கண் துடைக்கிற காகிதப் பெட்டி. பணியாளர் பிரிவிலிருந்து மெலிசா என்ற பெண். எங்கள் துறைத் தலைவர். புகார் கொடுத்த பையன். பெயர் தினேஷ். இஸ்திரி போட்ட சட்டை. "வணக்கம் சார். மன்னிக்கணும், எனக்கு வேற வழி தெரியல" என்று செய்தி வாசிக்கிறவர் போலச் சுத்தமான தமிழில் சொன்னான். நான் நினைத்தது சரிதான், அடையாறு என்று எண்ணிக்கொண்டேன்.

மெலிசா அர்த்தத்தைக் கேட்டாள். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். "ஆள் உள்ள அழுக்கு. ஒருவர் செய்து மற்றவர் வாசலில் விட்டது. செய்தவரே வந்து அள்ள வேண்டியது."

"அழகான கருத்து" என்றார் தலைவர். மெலிசா அவளுடைய திரையைப் பார்த்தாள். "இது மனிதரைக் குறிக்கும் சொல்லா, பொருளைக் குறிக்கும் சொல்லா?"

"செயலைக் குறிக்கும் சொல்."

அதற்கு அவளிடம் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு 'மற்றவை' என்று அழுத்தினாள்.

எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. அந்த மெல்லிய குரல்கள், தலையாட்டல், காகிதப் பெட்டி எல்லாமே வெறுப்பாக இருந்தது. நேராகப் பையன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன். கோபத்தில் என் வாயில் சந்து வந்துவிட்டது. "ஏம்பா, அந்தப் படத்துல கொழா மேல கெடந்தது இன்னான்னு நெஜமாவே தெரியாதா உனுக்கு? துணிக் கழிவா அது?"

அவன் முகம் சிவந்தது. செய்தி வாசிக்கிறவர் காணாமல் போனார்.

"தெரியாம இன்னா சார்? எங்க வூடு அந்தக் கொழாய்க்குப் பின்னாலதான் கீது. எங்கம்மா இன்னிக்கும் அதுமேலதான் காயப்போட்டுகினு கீது."

அடையாறு இல்லை. என் அண்ணன் ஸ்கூட்டர் போன அதே மண் ரோடு.

"அவர் என்ன சொன்னார்?" என்று மெலிசா என்னிடம் கேட்டாள்.

அந்த அறையில் அந்த வாக்கியம் புரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். நான் மொழிபெயர்த்தால், ஆள் இருக்கிறது என்று தெரிந்தே இல்லையென்று எழுதியிருக்கிறான் என்று ஆகும். புகார் தலைகீழாகத் திரும்பும். என் ஒப்பந்தம் பிழைக்கும், அவன் பட்டம் போனாலும் போகும். மூடி மறைத்தால் நான் நடத்துகிற பாடத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லை. "அவரே சொல்லட்டும்" என்றேன்.

தினேஷ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு இங்கிலீஷில் சொன்னான், தெளிவாக. "என் வீடு அந்தக் குழாய்க்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னேன்."

சொல்லிவிட்டான். இப்போது கூரை இடிந்து விழும் என்று நான் காத்திருந்தேன்.

"எவ்வளவு அருமை!" என்றார் துறைத் தலைவர். "இதை நீங்கள் பதிலில் சேர்த்திருக்க வேண்டும். வாழ்ந்த அனுபவத்துக்கென்றே மதிப்பெண் திட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறதே."

மெலிசா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர். சமாதானமாக முடித்துவிடலாம்."

ஒருத்தராவது, அப்படியானால் அந்த அறிக்கை பொய்யா என்று கேட்கவில்லை. அவன் ஏன் அப்படி எழுதினான் என்று கேட்கவில்லை. அவன் அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்தத் துணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்துப் போட்ட உண்மையை வாங்கிப் பார்த்து, கூடுதல் மார்க்குக்குத் தகுதியானது என்று முத்திரை குத்திவிட்டார்கள். அவ்வளவு கலீஜான ஒரு காரியத்தை நான் எண்ணூரில்கூடப் பார்த்ததில்லை.

தீர்மானம் இப்படி ஆனது. தினேஷ் ஒரு பத்தி சேர்த்துத் திரும்ப எழுதித் தருவான். திங்கட்கிழமைக்குள் நான் அதற்கு மார்க் போட வேண்டும். கருத்துப் பெட்டியில் இனி நான் தமிழில் எழுதக் கூடாது, அந்தச் சொல்லைச் சொல்லவும் கூடாது. அடுத்த வருஷத்திலிருந்து என் கேஸுக்குப் பதிலாக, சரியான விடையை டிக் அடிக்கிற ஆன்லைன் பாடம்.

கையெழுத்துப் போட்டேன்.

7

வெளியே வராந்தாவில் அவன் நின்றிருந்தான்.

"ஏன்பா அப்படி எழுதுன?" என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்டுல குடியிருப்பு இல்லன்னு போட்டுகீது சார். அதுக்கு எதிரா எழுதுனா ஆதாரம் இன்னான்னு கேப்பீங்க. எங்கம்மாவா சார் ஆதாரம்?"

"ஆமா" என்றேன். "உங்கம்மாதான் ஆதாரம்."

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு வேலை கெடச்சிகீறதே இந்த மாறி ரிப்போர்ட் எழுதற கம்பெனிலதான். மார்க் வந்தாதான் சேத்துப்பாங்க."

"சரி, புகார் ஏன் குடுத்த?"

"அந்த வார்த்தைய வுட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சேன் சார். ஊர்ல ஸ்கூல்ல வாயத் தொறந்தாலே, கலீஜ் ஏரியா வந்துட்டான்டான்னு சிரிப்பானுங்க. பேச்சை மாத்திகினேன், ஊர் பேரை மாத்திச் சொன்னேன். இங்க வந்து கம்ப்யூட்டரைத் தொறந்தா அதே வார்த்தை நின்னுகினு கீது. எவனோ என்னைக் கண்டுபுடிச்சிட்டான்னு பயந்துட்டேன்."

"எனக்கு உன் பேரே தெரியாதுப்பா. நம்பர்தான் தெரியும். அந்த வார்த்தை உன்னைச் சொன்னது இல்ல. துணிக் கழிவுன்னு எழுதுன பாரு, அத்தச் சொன்னது."

தலையாட்டினான். வாசலில் பேருந்து வந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

8

வெள்ளிக்கிழமை அவன் பதில் வந்தது. திறந்து பார்த்தேன். பழைய பதில் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. துணிக் கழிவு, அகற்றப்பட வேண்டும், எல்லாம். கடைசியில் புதிதாக ஒரு பத்தி. "தொழிற்சாலைகளுக்கு அருகில் வளர்ந்த வாழ்ந்த அனுபவம், எனக்கு மன உறுதியையும் நிலையான வளர்ச்சியின் மீது ஆர்வத்தையும் அளித்தது."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் கண்ணில் பட்டது. பத்திக்குக் கீழே, நிறைய இடம் விட்டு, தமிழில் ஒரு வரி. மெலிசாவுக்கும் தலைவருக்கும் பூ டிசைன்.

"சார், கலீஜ்தான். அள்றேன். கொஞ்சம் டைம் குடுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பையன் மேல் பாசம் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அவன் வேலைக்குப் போவான். போன பிறகு, குடியிருப்பு இல்லை என்கிற வரியை ஒருநாள் திருத்துவான் என்று அவனே நம்புகிறான். நானும் நம்பலாம். மார்க் போட்டுவிட்டால் அவனுக்கும் வேலை, எனக்கும் வேலை.

இன்று திங்கட்கிழமை. மெலிசாவிடமிருந்து நினைவூட்டல் வந்துவிட்டது. ஆனி எட்டிப் பார்த்து, "இன்னும் போடலையா?" என்றாள். மார்க் போடுகிற கட்டம் காலியாக இருக்கிறது. தமிழில் எழுதக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பதால், கருத்துப் பெட்டியில் இங்கிலீஷில் ஒரே வரி எழுதி அனுப்பியிருக்கிறேன்: "நீ அள்ளுகிற வரைக்கும் நான் இங்கேதான் நிற்பேன்."

எங்கம்மா யாருக்கும் டைம் கொடுத்ததில்லை.